மேற்கோள் குறியும் காணாமல் போன இன்ச்சும்

ஸ்கிரிப்டில் ஃபைல் எழுதக் கற்றுக்கொள்கிற எல்லோரும், நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். மேற்கோள் குறியை மூட மறப்பதைச் சொல்லவில்லை. அதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழியே பிழை என்று கத்திவிடும். சத்தமே இல்லாமல் ஃபைலை எழுதிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு கழுத்தை அறுக்கும் தவறுகள்தான் இங்கே.

தொல்லை தருகிறது என்று குறியையே மாற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு ஹார்டுவேர் கடையின் சரக்குப் பட்டியலை சிஎஸ்வியாக, அதாவது எண், பெயர், விலை என்ற கட்டங்களைக் கமாவால் பிரிக்கும் ஃபைலாக எழுத வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒவ்வொரு வரியையும் தானே கமா போட்டு ஒட்டினார்:

101,4" பிவிசி எல்போ, வெள்ளை,85

பெயருக்குள்ளேயே கமா இருக்கிறது. விலை இருக்க வேண்டிய கட்டத்தில் 'வெள்ளை' வந்து உட்கார்ந்தது. சரி என்று பெயரைச் சுற்றி மேற்கோள் போட்டார்:

101,"4" பிவிசி எல்போ, வெள்ளை",85

இப்போது 4க்குப் பக்கத்தில் இருக்கும் இன்ச் குறியைப் பார்த்ததும், மேற்கோள் அங்கேயே முடிந்தது என்று படிக்கிற நிரல் எடுத்துக்கொள்ளும். பைத்தானின் சிஎஸ்வி நூலகம் இயல்பான அமைப்பில் இதற்குப் பிழை சொல்லாது. இன்ச் குறியை விழுங்கிவிட்டு, பழையபடி நான்கு கட்டமாகப் பிரித்துக் கையில் கொடுக்கும்.

"அண்ணே, டபுள் கோட்டை எல்லாம் சிங்கிள் கோட்டா மாத்திட்டேன், இப்ப ஓடுது" என்றார். ஓடத்தான் செய்தது. ஆனால் கடையில் " என்றால் இன்ச், ' என்றால் அடி. நாலு இன்ச் எல்போ நாலடி எல்போ ஆனதுகூடப் பரவாயில்லை, அப்படி ஒன்று கடையில் இருக்காது என்று யாருக்கும் தெரியும். 4" x 10' பைப் 4' x 10' ஆகிவிட்டது. பக்கத்திலேயே 8' x 4' பிளைவுட் சரியாகவே இருக்கிறது. திருப்பி மாற்றினால் பிளைவுட் எட்டு இன்ச்சாகிவிடும். எந்தக் குறி முதலில் எதுவாக இருந்தது என்பதற்கு ஃபைலில் தடயமே இல்லை. போதாததற்கு மூலப் பட்டியலையே அழித்து அதன் இடத்தில் எழுதியிருந்தார். கடைப் பையன்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு ரேக் ரேக்காக அளந்தார்கள்.

இத்தனைக்கும் தீர்வு ஒரே ஒரு குறிதான். மேற்கோளுக்குள் வரும் " ஐ இரண்டாக எழுத வேண்டும். சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணமும் இதைத்தான் சொல்கிறது:

101,"4"" பிவிசி எல்போ, வெள்ளை",85

அதையும் கையால் செய்யாதீர்கள். பைத்தானில் 2003இல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே சிஎஸ்வி நூலகம் இருக்கிறது. மதிப்புகளை அதில் ஃபைல் எழுதும் கருவியான ரைட்டரிடம் கொடுத்தால், தேவைப்படும் கட்டத்துக்கு மட்டும் மேற்கோள் போட்டு, உள்ளே இருப்பதை இரட்டித்துவிடும். பேக்ஸ்லாஷ் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது பைத்தான் நிரலுக்குள் செல்லுபடியாகும். எக்செலுக்கு அது வெறும் இன்னொரு எழுத்து.

கட்டத்தின் முதல் எழுத்தே மூடாத " ஆக இருந்தால் கதை இன்னும் மோசம். அடுத்த " வரும் வரை எத்தனை வரி இருந்தாலும் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். பெரிய ஃபைலில் '131072 என்ற வரம்பைத் தாண்டிய கட்டம்' என்று ஒரு பிழை வரும். உடனே வரம்பை உயர்த்தப் போகிறார்கள். தப்பு அதற்கு வெகு முன்னால் ஒரு வரியில் இருக்கும்.

டிக்ஷனரியை அப்படியே கொட்டி, ஜேசான் என்று பெயர் வைப்பது

பெயரும் மதிப்புமாகத் தரவை வைக்கும் டிக்ஷனரியைப் பைத்தான் பெரும்பாலும் ஒற்றை மேற்கோளில் காட்டும். நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவமான ஜேசானுக்கு இரட்டை மட்டுமே ஆகும். உடனே எல்லா ' ஐயும் " ஆக மாற்றுவார்கள். டி'சூசா என்ற வாடிக்கையாளர் வரும் வரை வேலை செய்யும். இதைச் சரியாக எழுதிக் கொடுக்கத்தானே ஜேசான் நூலகத்தின் டம்ப் இருக்கிறது?

வளைந்த மேற்கோள்

வேர்டிலிருந்து ஒட்டிய “ ” வேறு எழுத்துகள். நிரலுக்குள் வந்தால் பைத்தான் பிழை சொல்லும். தரவில் வந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் தரவுதான். ஆனால் ஃபைலைத் திறக்கும்போது எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறிமுறை என்று குறிப்பிடுங்கள். மேற்கத்திய எழுத்துகளை மட்டும் ஏற்கும் 1252 குறிமுறையில் இருக்கும் விண்டோஸில் அதை விட்டுவிட்டால், தமிழ் எழுத்து வந்த உடனே நிரல் நின்றுவிடும், தெரிந்துவிடும். ஆங்கிலம் மட்டுமே உள்ள பட்டியலில் வளைந்த குறிகள் 147, 148 என்ற பைட்டுகளாகச் சத்தமில்லாமல் இறங்கும். யூடிஎஃப்-8 என்று நம்பிப் படிப்பவர் தலையில்தான் விடியும்.

விண்டோஸில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலி

ஃபைலைத் திறக்கும் ஓபனில் நியூலைன் என்ற அமைப்பை வெற்றுச் சரமாக (newline='') கொடுங்கள்.

ஷெல் ஹியர்டாக்

ஷெல் ஸ்கிரிப்டில் பல வரிகளை அப்படியே ஃபைலில் எழுத உதவுவது ஹியர்டாக். தொடக்கத்தில் << க்குப் பின்னால் வரும் முடிவுச் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டில் இருக்கும் $ ஐ ஷெல் தின்றுவிடும்.

எக்செலில் திறந்து பார்த்து 'சரி' என்பது

எக்செல் எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தைக்கூட இயல்பாகவே நீக்கும் ஆள். அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். எழுதிய ஃபைலை ஸ்கிரிப்டிலேயே திரும்பப் படித்து, மூலத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். சோதனை வரி ஒன்றில் 4" x 10', கமா, டி'சூசா, பேக்ஸ்லாஷ், நடுவில் ஒரு என்டர் எல்லாம் இருக்கட்டும். அப்புறம் அதே வரியை, ஃபைலைக் கடைசியில் வாங்கிக்கொள்ளப் போகிற மென்பொருளுக்கும் கொடுத்துப் பாருங்கள். கட்டத்துக்குள் என்டர் வந்தால் சில மென்பொருள்கள் ஏற்காது. அப்படியானால் அதற்கு அனுப்பும் நகலில் மட்டும் என்டரை இடைவெளியாக்குங்கள், மூலத்தில் கை வைக்காமல்.