கேமராவுக்கு முன் கையெழுத்து: தனியாக வீடியோ தயாரிப்பவர் செய்துகொள்ள வேண்டிய சட்ட ஏற்பாடுகள்

சில ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர்கள் ஐவரும் சேர்ந்து 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். அதை வாங்கிக்கொள்ள ஓர் ஓடிடி தளம் முன்வந்தபோது, படத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்த தாள்கள் எங்கே என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் ஒரு தாளும் இல்லை. இசையமைத்த நண்பர் அதற்குள் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றிருந்தார். எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லாதபோதும், அவருடைய கையெழுத்து வந்து சேர்வதற்குள் தளம் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே, இந்தியச் சட்டத்தின்படி செய்ய வேண்டியவற்றை வேலை நடக்கும் வரிசையில் எழுதுகிறேன். பெரிய தொகை புழங்கும் வேலையானால் ஒப்பந்த வரைவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் படி: படம் யாருடையது என்பதை முடிவு செய்யுங்கள்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே கொள்கிறது. படம் உருவாவதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர் எவரோ அவரே தயாரிப்பாளர். ஆகவே உங்கள் சொந்தப் பணத்தில், உங்கள் பொறுப்பில் எடுக்கும் படம் உங்களுடையது. வேறொருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுக்கும் படத்தின் நிலை வேறு. மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே அதன் முதல் உரிமையாளர் என்று பிரிவு 17 சொல்கிறது. திருமண வீடியோ எடுப்பவர்களும் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுப்பவர்களும் இதை அறியாமல், தாம் எடுத்த காட்சிகளைத் தம் யூடியூப் பக்கத்தில் மாதிரிக்காகப் போட்டுவிட்டுப் பிறகு நீக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்கள். இதைத் தவிர்க்க, "இப்படத்தின் பகுதிகளைத் தயாரிப்பாளர் தம் பணி மாதிரியாகக் காட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும்.

இரண்டாம் படி: உடன் உழைப்பவர்களிடம் எழுதி வாங்குங்கள்

நான் அதிக இடம் கொடுத்து எழுத விரும்பும் படி இதுதான். படம் உங்களுடையதாக இருந்தாலும், அதற்குள் இருக்கும் கதை, பாடல் வரிகள், இசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்புரிமை உண்டு. பணம் கொடுத்து எழுதச் சொன்ன பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே சேரும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், படத்தில் சேர்க்கப்படும் படைப்புகளை எழுதியவர்களின் உரிமையைப் பாதுகாத்துவிட்டது. "காசு கொடுத்துவிட்டேன், இசை என்னுடையது" என்ற பழைய நம்பிக்கையை வைத்துக்கொண்டு இன்று ஒரு படத்தை விற்க முடியாது.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையைத் தருபவர் அதில் கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்ற விதியும் அதே பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் மட்டுமே அதிலிருந்து தப்பலாம். படம் முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஓராண்டு விதிதான் பெரிய ஆபத்து. நான் இப்போது பயன்படுத்தும் வாசகம் இது:

"இப்படத்திற்காக நான் அமைத்த பின்னணி இசையின் பதிப்புரிமையை, அதன் முழுக் காலத்திற்கும், உலகம் முழுவதற்கும், திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம் ஆகிய எல்லா வழிகளிலும் பயன்படுத்தும் பொருட்டு, ரூ. ______ பெற்றுக்கொண்டு தயாரிப்பாளருக்கு மாற்றித் தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இம்மாற்றம் செல்லும்."

தொகை எழுதும் இடத்தை வெற்றிடமாக விட்டுவிடாதீர்கள். ராயல்டியும் பிற தொகைகளும் குறிப்பிடப்பட வேண்டும் என்பது சட்டம். திரையரங்குக்கு வெளியே படத்தில் உள்ள பாடலோ இசையோ பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுத்தாளரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. இது நியாயமான விதி என்பதே என் கருத்து. ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், போஸ்டர் வரைந்தவர் ஆகியோரிடமும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். இவற்றை உரிய மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஆவணத்தை, அதையும் அபராதத்தையும் கட்டும் வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

மூன்றாம் படி: கேமரா முன் நிற்பவர்களின் சம்மதம்

நடிப்பவர்கள், பேட்டி கொடுப்பவர்கள், பாடுபவர்கள் அனைவரிடமும் படப்பிடிப்பு நாளன்றே, மேக்கப் போடும் முன்பே, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். மாலையில் எல்லோரும் களைத்துப்போய்க் கிளம்பும் நேரத்தில் தாளை நீட்டினால் இரண்டு பேராவது விடுபட்டுப் போவார்கள். 18 வயது நிரம்பாதவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் செல்லாது. பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். தமிழ் மட்டுமே படிப்பவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டாதீர்கள். தாம் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது அவருக்குப் புரிய வேண்டும்.

நான்காம் படி: பிறர் இசை, இடம், ட்ரோன்

முப்பது விநாடிக்குள் என்றால் எந்தப் பாட்டையும் போடலாம் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் இல்லை. ஒரு திரைப்பாடலைப் பயன்படுத்த, பாடலின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை ஆகிய இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பிறர் பயன்படுத்திக்கொள்ளப் படைத்தவரே பொது உரிமம் அளித்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையிலும் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகைகள் உண்டு. பதிவிறக்கும் நாளில் அந்த உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற நினைவுச் சின்னங்களில் படமெடுக்க இந்தியத் தொல்லியல் துறையிடம் முன் அனுமதி பெற வேண்டும். ரயில் நிலையமானால் ரயில்வேயிடமும், தனியார் வீடானால் உரிமையாளரிடமும் எழுத்தில் பெறுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகப் படப்பிடிப்பில் இயக்குபவரிடம், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி தொலைவிமானிச் சான்று (ட்ரோன் இயக்குபவருக்குத் தரப்படும் சான்று) இருக்க வேண்டும். வாடகைக்கு வருபவரிடம் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பணம் வந்து சேர வழி செய்யுங்கள்

எடுத்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராமல் மாதக்கணக்கில் அலைவது இத்தொழிலில் மிகவும் சாதாரணமாகிவிட்டது. இதற்குச் சட்டத்தில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தும் புதியவர்கள் பலருக்கு அது தெரியவில்லை. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. முதல் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகக் கட்ட வேண்டும். வீடியோவை ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். எனவே இறுதி வீடியோவின் லிங்கை வாட்ஸப்பில் மட்டும் அனுப்பாமல், தேதியுடன் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள், எடிட் செய்யாத ஃபுட்டேஜ் யாருக்கு, உரிமை எப்போது மாறும் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். "முழுத் தொகையும் கிடைத்த பின்னரே பதிப்புரிமை வாடிக்கையாளருக்குச் சேரும்" என்று எழுதினால், முதல் படியில் சொன்ன விதி உங்களுக்கு எதிராகத் திரும்பாது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

ஆறாம் படி: வெளியீடு

திரையரங்கில் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். யூடியூபில் வெளியிட அது தேவையில்லை. படத்தின் பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆனால் திரைக்கதையைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய்தான் என்பதால் அதையாவது செய்துவிடுமாறு சொல்வேன்.

வெளியிட்ட பிறகு யூடியூபில் யாரேனும் உங்கள் இசைக்கு உரிமை கோரினால் பதற வேண்டாம். இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தையோ உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையோ அடிப்படையாகக் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அந்தக் கோரிக்கை தானாகவே நீங்கிவிடும். ஆனால் கையில் தாள் இல்லாமல் மறுத்து, அவர் வீடியோவையே நீக்கக் கோரிவிட்டால், உங்கள் சேனலுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) விழும். 90 நாட்களுக்குள் அப்படி மூன்று விழுந்தால் சேனலையே இழக்க நேரலாம்.