தோமையார் திருத்தலங்களுக்கு ஒரு நாள் திருப்பயணம்: கிருஷ்ணகிரிப் பங்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதிகாலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பலாம் என்பதால், நம் அன்பியங்கள் (பங்கு மக்களின் சிறு குழுக்கள்) பல, இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையாரின் திருத்தலங்களுக்கு ஒரே நாளில் சென்றுவர விரும்புகின்றன. அந்த நாள் செபமாகுமா, வெறும் அலைச்சலாகுமா என்பது பயணத் திட்டம் போடும்போதே முடிவாகிவிடுகிறது.

முதல் தவறு, வந்ததுதான் வந்தோம் என்று பெசன்ட் நகர், லஸ் ஆலயம், மெரினா, துணிக்கடை என அடுக்கிக்கொண்டே போவது. போக வர ஏறத்தாழ பத்து மணி நேரம் சாலையிலேயே கழியும். மீதமுள்ள நேரத்துக்குச் சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் ஆகிய மூன்று இடங்களே போதும். அவற்றிலும் அமைதியாக உட்கார நேரம் ஒதுக்க வேண்டும்.

வரிசையிலும் கவனம் தேவை. நம் பக்கத்திலிருந்து வரும் சாலை பரங்கிமலையை முதலில் காட்டுவதால், ஓட்டுநர்கள் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மரபின்படி தோமையார் சின்னமலைக் குகையில் தங்கிச் செபித்தார், கி.பி. 72 இல் பரங்கிமலையில் மறைசாட்சியாக உயிர்நீத்தார், மயிலாப்பூரில், இன்று சாந்தோம் பேராலயம் நிற்கும் இடத்தில், அடக்கம் செய்யப்பட்டார். இரு மலைகளுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் என்பதால், சற்றுக் கூடுதலாகச் சுற்றினாலும் சின்னமலையில் தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். அவ்வாறு செல்லும்போது, சிலுவைப்பாதையில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நடப்பதைப் போல, அவருடைய கடைசி நாள்களை முதியோரும் சிறுவரும் தாமாகவே பின்தொடர்வார்கள்.

பரங்கிமலையின் 100-க்கும் மேற்பட்ட படிகளை ஆர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் பயணிகளுக்காக அமைத்துக்கொடுத்தார். நேர்த்திக்கடனாக ஏறுவோர் ஏறட்டும். ஆனால் எல்லாரும் ஏறியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது தவறு. ஓசூர், தளிப் பகுதிக் குளிருக்குப் பழகிய முதியவர்களுக்குச் சென்னையின் புழுக்கம் கடுமையாக இருக்கும். மேலே செல்லத் தார்ச்சாலை உள்ளதால், அவர்களை ஆட்டோவிலோ சிறிய வேனிலோ அனுப்பலாம்.

நான் மிகவும் வருந்துவது சாந்தோமில் நடக்கும் தவறைக் குறித்துத்தான். பேராலயத்துக்குள் முழந்தாளிட்டு, வாசலில் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம் கீழே இருக்கிறது. அதற்குப் பேராலயத்தின் பின்புறமாகத் தனி வழி உண்டு. இதைப் புறப்படும் முன்பே அனைவருக்கும் சொல்லாவிட்டால், எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்களோ அதைக் காணாமலே ஊர் திரும்புவார்கள்.

பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடிப்பவர் வரலாற்றை மிகைப்படுத்தக் கூடாது. சாந்தோமில் இப்போது நிற்கும் கோத்திக் பாணி ஆலயம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானதன்று. அது 1896 இல் எழுந்தது, 1956 இல் திருத்தந்தை வழங்கும் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தப்பட்டது. பரங்கிமலையின் கற்சிலுவை 1547 இல் போர்த்துகீசியர் காலத்தில் கண்டெடுக்கப்பட்டது; அதைச் சுற்றியுள்ள எழுத்துகள் பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்துகள். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அதிலிருந்து குருதி கசிந்ததாகச் சொல்லப்படுவதை மரபு என்றே கூற வேண்டும். மரபை மரபாகவும் ஆண்டுக் கணக்கை ஆண்டுக் கணக்காகவும் கேட்டு வளரும் பிள்ளையின் விசுவாசம், பின்னாளில் யாராவது கேள்வி கேட்டால் ஆட்டம் காணாது.

திருப்பலிக்கு முன்கூட்டியே திருத்தல அலுவலகத்தில் நேரம் பெற வேண்டும். உடன் வரும் குரு தம் அடையாளக் கடிதத்தை மறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் அந்தந்தப் பங்கின் திருப்பலிகளே வரிசையாக இருக்கும் என்பதால், வாரநாள் நல்லது. திருப்பலிக்குச் சற்று முன்பு பேருந்தில் பொட்டலம் பிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே உணவு கூடாது என்பது திருச்சபைச் சட்டம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோரும் நோயுற்றோரும், அவர்களைப் பராமரிப்போரும் இந்த நோன்புக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஆகவே சர்க்கரை நோயுள்ள பாட்டியைப் பட்டினி போடாமல், வாணியம்பாடி தாண்டுவதற்குள் அவருக்கு இட்லி கொடுத்துவிடுங்கள்.