மோரிஸ் மைனர் டேப்பட் அட்ஜஸ்ட்மெண்ட், வீட்லயே பண்ணலாம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல தாத்தா காலத்து மோரிஸ் மைனர் கார் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் இஞ்சின்ல டிக் டிக்னு கேட்டா போதும், உடனே டேப்பட்டை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற கேப்பை, இறுக்கிடறாங்க, காடி சத்தமில்லாம ஓடுதுன்னு சந்தோஷம் வேற. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. கேப் பத்தலைன்னா சூட்டுல வால்வு தண்டு நீளும்போது வால்வு முழுசா மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கறதே முக்கியமா அது மூடற இடமான சீட்ல போய் உக்காரும்போதுதான், உக்கார முடியலைன்னா ஓரம் எரிஞ்சுரும், அப்புறம் இஞ்சின் ஹெட்டையே கழட்டணும். லேசா டிக் டிக் கேக்கறது எவ்வளவோ தேவலாம்.

948, 1098 சிசி இஞ்சினுக்கு இன்லெட், எக்ஸாஸ்ட் எல்லாத்துக்கும் கேப் 0.012 இன்ச், அதாவது 0.30 மில்லிமீட்டர். இது இஞ்சின் நல்லா ஆறி இருக்கும்போது வைக்கற அளவு, அதனால ராத்திரி நிறுத்தின காடியை காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே வேலைய ஆரம்பிங்க.

நாலு பிளக்கையும் கழட்டுங்க, மேல ரெண்டு நட்டை எடுத்தா ராக்கர் கவர் வந்துரும். சமமான இடத்துல நாலாவது கியர் போட்டு காடியை மெதுவா முன்னால தள்ளுனா இஞ்சின் சுத்தும், ஒருத்தர் தள்ள ஒருத்தர் பாக்கணும்.

ரேடியேட்டர் பக்கத்துலேருந்து வால்வை 1, 2ன்னு 8 வரைக்கும் எண்ணிக்கோங்க. கூட்டினா 9 வரணும், அவ்வளவுதான் கணக்கு: 8 முழுசா கீழ அமுங்கி இருக்கும்போது 1ஐ பாருங்க, 6 அமுங்கினா 3, 4 அமுங்கினா 5, இப்படியே எட்டையும் முடிச்சிரலாம்.

ராக்கருக்கும் வால்வு தண்டோட மேல் முனைக்கும் நடுவுல பீலர் கேஜை, அதாவது கேப் அளக்கற மெல்லிசு தகட்டை, விடுங்க. ராக்கர்ல இருக்கிற லாக் நட்டை லூஸ் பண்ணி ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால திருப்பி வைங்க, கேஜை இழுக்கும்போது லேசா பிடிச்சு பிடிச்சு வரணும், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போனா லூஸ். இப்போ ஸ்க்ரூடிரைவரை அசையாம பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்குங்க, ஏன்னா நட்டோட சேந்து ஸ்க்ரூவும் சுத்தும், இறுக்கினப்புறம் மறுபடியும் கேஜ் விட்டு பாத்தே ஆகணும், இங்கதான் பாதி பேர் அவசரப்படறாங்க.

அளவு சரியா வச்சும் ஒரு வால்வு மட்டும் பலமா தட்டுதுன்னா அந்த ராக்கர் முனைய விரலால தடவி பாருங்க, குழி விழுந்திருக்கும். கேஜ் அந்த குழிக்கு மேல பாலம் மாதிரி நிக்கும், உண்மையான கேப் அதைவிட அதிகம், அதுக்கு ராக்கரைத்தான் மாத்தணும், ஸ்க்ரூவை திருப்பி பிரயோஜனமில்ல.

கடைசியா கார்க் கேஸ்கெட் காஞ்சு வெடிச்சிருந்தா புதுசு போடுங்க, கவர் நட்டை ரொம்ப இறுக்கினா தகடு வளைஞ்சு எண்ணெய் கசியும். ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஓரம் பூரா துணியால தொடச்சு பாத்துக்கோங்க.