பழைய உழவு இயந்திரத்துக்குப் பாதுகாப்புச் சட்டகம் பொருத்தும் முறை

என் பட்டறைக்கு வரும் பழைய மெசி பேர்குசன் 135 வண்டிகளில் ஓட்டுநரின் தலைக்கு மேல் வெறும் வானம் இருக்கும். இல்லாவிட்டால் வெயிலுக்குப் போட்ட தகரக் கூரை இருக்கும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் வயல்கள் வைத்திருக்கும் போடியார் (பெரிய நில உரிமையாளர்) ஒருவர் பெரும்போக உழவுக்கு முன் வந்து கேட்டார்: “தம்பி, நான்கு குழாய் நட்டுக் கூரை போட்டிருக்கிறேன்தானே, அது போதாதா?” போதாது. வண்டி புரண்டால் அந்தக் குழாய்கள் நசுங்கி, கூரையும் சேர்ந்து ஓட்டுநரின் மேல்தான் விழும். நிழலுக்குப் போடுவது வேறு, உயிருக்குப் போடுவது வேறு.

இந்த வண்டி 1964இல் வெளிவரத் தொடங்கியது. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் இல்லாமல் புதிய உழவு இயந்திரம் விற்கக்கூடாது என்று சுவீடன் 1959இலேயே சட்டம் போட்டுவிட்டது. பல நாடுகள் அதற்குப் பல ஆண்டுகள் பின்தங்கியே வந்தன. அந்த இடைக்காலத்தில் செய்யப்பட்ட வண்டிகள்தான் இன்றும் நம் வயல்களில் உழைக்கின்றன. இயந்திரம் இன்னும் நன்றாக ஓடுகிறது என்பதால் யாரும் அவற்றைக் கைவிடப் போவதில்லை. ஆகவே சட்டகத்தை நாம்தான் பொருத்த வேண்டும்.

வண்டி இரண்டு விதமாகக் கவிழும். வாய்க்கால் கரையிலோ ஒடுங்கிய வரம்புப் பாதையிலோ விளிம்பு இடிந்து பக்கவாட்டில் சாய்வது ஒன்று. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து விலகி ஓட்ட வேண்டும் என்பது விதி. உன்னிச்சை வாய்க்கால் ஓரத்திலும் சம்மாந்துறை வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) அவ்வளவு இடம் எங்கே கிடைக்கிறது? மற்றது, முன்பக்கம் மேலெழும்பிப் பின்புறமாகப் புரள்வது. பின்சில்லுகள் சேற்றில் இறுகிச் சுழல முடியாமல் போனால், இயந்திரத்தின் விசை சில்லைத் திருப்புவதற்குப் பதிலாக வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்புகிறது. புதைந்த வண்டியை இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்வான இழுவைத் தண்டில் கட்டாமல் மேல் இணைப்பில் கட்டினாலும் இதுதான் நடக்கும். மீள முடியாத நிலைக்குப் போக முக்கால் செக்கன் போதும். முழுதாகப் புரள ஒன்றரைச் செக்கன். அதற்குள் குதித்துவிடலாம் என்று நம்பும் தம்பிமாரிடம் மன்றாடிச் சொல்கிறேன்: முடியாது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் சட்டகத்தைத் தேட வேண்டும். ‘செய்வோம்’ என்று உடனே இரும்பு வெட்டத் தொடங்கக் கூடாது. உங்கள் வண்டியின் மாதிரிக்கென்று தொழிற்சாலை செய்து, சோதனை முத்திரைத் தகடு பதித்த சட்டகம் கிடைக்குமா என்று உதிரிப்பாகம் இறக்குவோரிடம் கேளுங்கள். கழித்துப் பிரிக்கப்பட்ட அதே மாதிரி வண்டியிலிருந்து எடுத்ததும் நல்லதுதான், அது ஒருமுறையேனும் கவிழாத வண்டியாக இருந்தால். வளைவு, வெடிப்பு, புதிதாக வெல்டிங் செய்து ஒட்டிய தடம் ஒன்று கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள்.

கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. நயோஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பழைய வண்டிகளுக்கென்றே குறைந்த செலவுச் சட்டகங்களை வடிவமைத்துச் சோதித்திருக்கிறது. போர்ட் 8என், 3000, 4000 ஆகியவற்றுடன் மெசி பேர்குசன் 135ம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதன் வரைபடத்தை எடுத்து, அதில் சொன்ன இரும்பை, சொன்ன தடிப்பில், சொன்ன போல்ட்டுடன் செய்யத் தெரிந்த பட்டறையிடம் கொடுங்கள். “இதைவிடத் தடித்த இரும்பு போட்டால் இன்னும் பலம்தானே” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சட்டகத்தின் வேலை விறைத்து நிற்பது மட்டுமல்ல. அடி விழும்போது அளவாக வளைந்து அந்த விசையைத் தானே வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. அளவுக்கு மீறி விறைத்த சட்டகம் அடி முழுவதையும் பின் அச்சில் இறக்கி அச்சு உறையை வெடிக்க வைக்கும். மெலிந்தது ஓட்டுநரின் இடத்துக்குள் மடிந்துவிடும்.

சோதனை என்றால் என்ன என்பதைச் சொன்னால், நம் ஊரில் கேட் செய்யும் மெல்லிய பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்பு) ஏன் ஆகாது என்பது புரியும். உழவு இயந்திரச் சட்டகங்களுக்கான சர்வதேசச் சோதனையில், வண்டி எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் பின்புறத்தில் 1.4 ஜூல், பக்கவாட்டில் 1.75 ஜூல் ஆற்றலைச் சட்டகம் தாங்க வேண்டும். பிறகு மேலிருந்து கிலோவுக்கு 20 நியூட்டன் வீதம் அழுத்துவார்கள். ஒன்றரைத் தொன் வண்டி என்று வைத்தால், மேலிருந்து ஏறக்குறைய மூன்று தொன் பாரம். இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டுநர் அமரும் இடத்துக்குள் சட்டகத்தின் எந்தப் பகுதியும் நுழைந்திருக்கக் கூடாது.

பொருத்துவதற்கு முன் அச்சு உறையைப் பாருங்கள். சட்டகத்தின் கால்கள் அங்கேதான் உட்காரப் போகின்றன. மட்காட்டுகளைக் கழற்றி, பல போகத்துச் சேற்றையும் கிரீஸையும் கம்பித் தூரிகையாலும் டீசலாலும் முழுவதும் துடைத்தெடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் தடவிச் சற்றுநேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்து, சுண்ணப் பொடியைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து ஈரக்கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்த உறையை மாற்றும்வரை சட்டகம் வேண்டாம்.

அச்சு உறையில் எதையும் ஒட்டாதீர்கள். அது வார்ப்பிரும்பு, ஒட்டிய இடத்தின் ஓரம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும், சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சீலும் கெடும். துளை போடவும் கூடாது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் உறை, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கம்: பொதுவாக இப்படித்தான் பிடிக்க வைப்பார்கள். சட்டகத்தின் பாகங்களில் வரைபடப்படி ஒட்ட வேண்டியவற்றை வண்டியிலிருந்து தள்ளி, தரையில் வைத்தே ஒட்டி முடியுங்கள். 7018 ஒட்டுக்கம்பி பாவிப்பதென்றால் உலர்ந்திருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை நாட்களில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த கம்பி ஈரம் குடித்திருக்கும். அதனால் விழும் ஒட்டு வெளியே அழகாகவும் உள்ளே வெடிப்போடும் இருக்கலாம்.

போல்ட் விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த மெட்ரிக் போல்ட், அல்லது வரைபடம் கேட்கும் அங்குலத் தரம். தலையில் எந்தக் குறியும் இல்லாத போல்ட்டைக் கூரைக்குப் பாவியுங்கள், இதற்கு வேண்டாம். பழைய 135இல் புரிகள் அங்குலக் கணக்கு. மெட்ரிக்கை வலிந்து ஏற்றினால் புரி தின்றுபோகும். செயின் புளொக்கில் சட்டகத்தைத் தூக்கி இறக்கி, எல்லா போல்ட்டையும் கையால் பிடிக்க வைத்து, சட்டகம் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு, குறுக்குக்குறுக்காக மாறி மாறி டோர்க் ஸ்பனரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர்) குறித்த அளவுக்கு இறுக்குங்கள். கலப்பையைத் தூக்கும் கைகளை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது.

சட்டகத்தோடு இருக்கைப் பட்டியும் கட்டாயம். இரண்டும் சேர்ந்தால் கவிழும்போது ஏறக்குறைய 99 வீதம் பாதுகாப்பு. பட்டி இல்லாமல் சட்டகம் மட்டும் என்றால் 70 வீதமளவுதான். பட்டி கட்டாதவர் வெளியே வீசப்பட்டு, தன்னைக் காக்கப் போட்ட அதே சட்டகத்தின் கீழே நசுங்குவார். ஆனால் சட்டகம் இல்லாத வண்டியில் பட்டி கட்டவே கூடாது, மடக்கும் வகைச் சட்டகத்தை மரத்தோட்டத்துக்காக மடக்கி வைத்திருக்கும்போதும் கட்டக் கூடாது. இருக்கையின் அடித்தாங்கி துருப்பிடித்திருந்தால் அதை மாற்றாமல் பட்டி போட்டுப் பயனில்லை. பட்டி இடுப்பெலும்பின் மேல் தாழ்ந்து, இறுகி இருக்க வேண்டும்.

நெல் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஓடும் பாப்கேட் வகைச் சிறு லோடர் வைத்திருப்போரும் கேட்கிறார்கள். அதன் கூண்டு வெறும் கவிழ்வுக் காப்பு அல்ல. மேலிருந்து விழும் பொருளையும் தடுக்க வேண்டும். தூக்கும் கைகள் ஓட்டுநரின் இருபுறமும் உரசுவதுபோல் இறங்கி ஏறுவதால் பக்க வலையும் அதோடு சேர்ந்தது. கவிழ்வுக்கு ஐ.எஸ்.ஓ. 3471, விழும் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 3449 என்று தனித்தனி அளவுகோல்கள் உண்டு. அதன் கூண்டு தொலைந்திருந்தால் அதே மாதிரியின் மூலக் கூண்டைத் தேடிப் போடுங்கள். பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்லி என்னிடம் வந்தால் நான் மறுத்துவிடுவேன்.

ஒன்றை வண்டி உரிமையாளர்களிடம் கண்டிப்பாகக் கேட்கிறேன். சட்டகம் வந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டு மட்காட்டில் உட்கார்வது இன்னும் வசதியாகிவிடும். வேலையாட்களும் சிறுவர்களும் அப்படித் தொற்றிக்கொண்டு போவதை நாள்தோறும் பார்க்கிறேன். அந்தச் சட்டகம் இருக்கையில் பட்டி கட்டிய ஒருவரை மட்டுமே காக்கும். வேறு எவரையும் ஏற்றாதீர்கள்.

முதல் நாள் உழவு முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி டோர்க் ஸ்பனரால் பாருங்கள். பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர். கல்முனை, காத்தான்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சீக்கிரம் துருவை வளர்க்கும். பாரின் திறந்த முனைகளை மூடி, பிரைமர் அடித்த பிறகே நிறம் பூசுங்கள். விளக்கோ கண்ணாடியோ மாட்டுவதற்குச் சட்டகத்தில் துளை போடாமல், வளையப் பிடியில் மாட்டுங்கள். வண்டி ஒருமுறை கவிழ்ந்தால் அந்தச் சட்டகத்தை நிமிர்த்தவோ ஒட்டவோ வேண்டாம். கழற்றி, வேறு யாரும் எடுத்துப் பாவிக்காதபடி வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, புதியதைப் பொருத்துங்கள்.