கடற்கரையில் ஒரு பின்யாத்தா: மெக்சிகோவில் குழந்தையின் பிறந்தநாளை நடத்துவது எப்படி?

மகளுக்கு ஐந்து வயது நிறைந்த அன்று, மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் புவெர்த்தோ வயார்த்தாவில், மிட்டாய் கொட்டும் வரை அடித்து உடைக்கும் பின்யாத்தா என்ற பளபளக்கும் காகித நட்சத்திரம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். சுற்றி எட்டுப் பத்துக் குழந்தைகள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளுக்கு மூன்று அடி. கடைசியில் நட்சத்திரம் பிளந்தது. குழந்தைகள் பாய்ந்தார்கள். உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

பின்யாத்தாவைக் காலியாகத்தான் விற்பார்கள், மிட்டாயை நாம்தான் வாங்கி நிரப்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறு வருடம் ஜனவரியில் அதே ஊருக்குப் போய், அதே பிறந்தநாளை ஒழுங்காக நடத்திவிட்டு வந்தோம். நாங்கள் இருப்பது டெக்சாஸில். இரண்டாவது முறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் உடன் இருந்தார். நீங்கள் முதல் தடவையிலேயே ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: தேதியையும் கடற்கரையையும் முடிவு செய்யுங்கள்

பிறந்தநாளை நாம் மாற்ற முடியாது, ஆனால் எந்த மாதத்தில் அந்தக் கடற்கரை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, புழுக்கம்; பசிபிக் புயல்களின் காலமும் அதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன்று வளர்க்க பந்தேராஸ் விரிகுடாவுக்கு வந்திருக்கும். படகில் போனால் பக்கத்தில் பார்க்கலாம், கரையிலிருந்தே கூடச் சில நாள் நீர் பீய்ச்சுவது தெரியும். இலையுதிர் காலத்துப் பிறந்தநாள் என்றால் வேறொரு கொடுப்பினை: பொரித்த ஆமைக்குஞ்சுகளை மாலையில் கடலில் விடுவார்கள். சென்னைக் கடற்கரையில் நாம் பங்குனி ஆமை என்று சொல்கிறோமே, அதே இனம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் போகாதீர்கள். நாடே விடுமுறையில் கடற்கரைக்கு வந்துவிடும். துண்டு விரிக்க இடம் கிடைக்காது.

அடுத்தது கடற்கரை. ஊரின் பெயர்பெற்ற கடற்கரை தெற்கே இருக்கும் ப்ளாயா தே லோஸ் முயெர்த்தோஸ். கடைகள், படகுத்துறை, பாட்டுக்காரர்கள் எல்லாம் அங்கேதான். அந்தப் பெயரின் பொருள் என்ன என்று அம்மா கேட்டார். 'இறந்தவர்களின் கடற்கரை' என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பிறந்தநாளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கால் வைக்கவே மறுத்துவிட்டார். மலெக்கோன் எனப்படும் கடலோர நடைபாதைக்கு வடக்கே இருக்கும் கமரோனெஸ் கடற்கரைக்குப் போனோம். கமரோனெஸ் என்றால் இறால். அம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கூட்டமும் குறைவு, கயிறு கட்டத் தூண்களும் இருந்தன. ஆக, பிடிவாதம் நல்லதாகவே முடிந்தது.

மெக்சிகோவில் கடற்கரை மணல் பொதுச்சொத்து. மணலில் உட்கார யாரும் காசு கேட்க முடியாது. உணவகத்தின் நாற்காலியிலும் கீற்றுக் குடையின் நிழலிலும் உட்கார்ந்தால், குறைந்தது இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்வார்கள். அந்தத் தொகையை உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: காகிதங்களும் விமான நிலையமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் அமெரிக்கா, கனடா, ஜப்பான், பிரிட்டன் அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டியதில்லை. அம்மா தன் அமெரிக்க விசாவிலேயே வந்தார். விதிகள் மாறக்கூடியவை; டிக்கெட் எடுப்பதற்கு முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். திரும்பி நுழையும் நாட்டின் விசா உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுங்கச் சோதனையைத் தாண்டியதும் ஒரு கூடம் வரும். அடையாள அட்டை மாட்டியவர்கள் சிரித்த முகத்தோடு "டாக்சி எங்கே?" என்று கேட்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைப் பங்கு வீடு, அதாவது வருடத்தில் சில நாள் மட்டும் தங்கும் உரிமை, விற்பவர்கள். நிற்காமல் வெளியே நடந்துவிடுங்கள்.

படி 3: இரண்டு நாள் முன்பே கேக் சொல்லிவையுங்கள்

கேக் கடைக்குப் பஸ்தெலெரியா என்று பெயர். கேட்க வேண்டியது த்ரெஸ் லேச்செஸ், அதாவது மூன்று பால். பஞ்சு போன்ற கேக்கைச் சுண்டிய பால், இனிப்புக் கெட்டிப் பால், சாதாரணப் பால் அல்லது க்ரீம் ஆகிய மூன்றும் கலந்த கலவையில் ஊறவைத்துச் செய்வது. வெயிலில் வைத்தால் கெட்டுவிடும், அதனால் கடற்கரைக்குப் போகும் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு என்றுதான் கேட்பார்கள், எத்தனை கிலோ என்று கேட்க மாட்டார்கள்.

பெயரை வாயால் சொல்லாதீர்கள், காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். என் மகளின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. முதல் வருடம் கடைக்காரப் பெண் அதைக் காதால் கேட்டு எழுதினார். கேக்கில் வந்த பெயரை இன்றும் வீட்டில் செல்லப் பெயராக வைத்திருக்கிறோம்.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: கேக்கில் முட்டை உண்டு. பக்கத்திலேயே வண்ண வண்ணமாக நடுங்கிக்கொண்டிருக்கும் கெலத்தீனா, பெயருக்கேற்ப விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனது.

படி 4: துல்செரியாவில் ஒரு மணி நேரம்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். துல்செரியா என்றால் மிட்டாய்க் கடை. உத்தரத்திலிருந்து பின்யாத்தாக்கள் வரிசையாகத் தொங்கும். கீழே மிட்டாய் மூட்டை மூட்டையாக இருக்கும். தடி, கயிறு, பைகள், மெழுகுவர்த்தி எல்லாம் அங்கேயே கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து அலங்காரப் பொருள்களைப் பெட்டியில் திணித்துக்கொண்டு போவதைப் போல வீண் வேலை வேறில்லை. முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன்.

பழைய முறைப் பின்யாத்தா ஏழு கூம்புகள் கொண்ட நட்சத்திரம். ஏழும் ஏழு கொடும் பாவங்கள், அடித்து உடைப்பது அவற்றை வெல்வது என்று கிறித்தவ மரபில் பொருள் சொல்வார்கள். உள்ளே மண்பானை வைத்துச் செய்வதே வழக்கம். இப்போது பெரும்பாலும் அட்டையும் மாவுப் பசையில் ஒட்டிய செய்தித்தாளும்தான். குழந்தைகளுக்கு அட்டையையே வாங்குங்கள். பானை ஓடு காலைக் கிழிக்கும்.

உச்சியில் கம்பி வளையத்துக்குப் பக்கத்தில் தாள் மட்டும் ஒட்டிய ஒரு திறப்பு இருக்கும். இல்லாவிட்டால் கடைக்காரரையே கத்தியால் வெட்டித் தரச் சொல்லுங்கள். அதன் வழியாக நிரப்ப வேண்டும். எங்கள் நடுத்தர நட்சத்திரத்துக்கு இரண்டு கிலோ மிட்டாய் பிடித்தது. சாக்லெட் வேண்டாம், உருகிவிடும். தாள் சுற்றாத எதுவும் வேண்டாம். நிலக்கடலை மாவை அழுத்திச் செய்த மசபான் வட்டுகள் சுவையானவை, ஆனால் கீழே விழுந்தால் தூளாகிவிடும். அவற்றைக் கையில் கொடுத்துவிடலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆரஞ்சும் கரும்புத் துண்டும்கூடப் போடுவார்களாம்.

அம்மா நின்ற இடம் தமரிந்தோ வரிசை. சர்க்கரை, உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்த புளி, நெகிழித் தாளில் சுற்றி. ஒன்றைப் பிரித்து வாயில் போட்டார். கண்ணைச் சுருக்கினார். அடுத்ததைப் பிரித்தார். "இதற்கா ஏழு கடல் தாண்டி வந்தோம்?" என்றார், மூன்றாவதைப் பிரித்துக்கொண்டே. காரம் தாங்காத குழந்தைகள் இருந்தால் "பீக்கா?" என்று கேளுங்கள், காரமா என்று பொருள். "கொஞ்சம்தான்" என்ற பதிலை நம்ப வேண்டாம்.

படி 5: விடியலில் பாட்டு

பிறந்தநாள்காரரைப் பாடி எழுப்புவது அங்கே வழக்கம். பாட்டின் பெயர் லாஸ் மன்யானித்தாஸ். முதல் சரணத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், போதும். மீதியைப் பாட ஆள் எங்கும் கிடைப்பார்கள். ஜனவரியில் ஏழரை மணி வாக்கில்தான் விடிகிறது, அதிலும் சூரியன் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையைத் தாண்டி வர வேண்டும். எனவே விடியலில் பாடுவது அப்படி ஒன்றும் தியாகம் இல்லை.

மாலையில் மரியாச்சி என்ற மெக்சிகோ வாத்தியக் குழுவின் இசை வேண்டுமென்றால், அது பிறந்த மண்ணான ஹாலிஸ்கோ மாநிலத்தில்தான் இருக்கிறீர்கள். கடற்கரைப் பாட்டுக்காரர்கள் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். தொகையைப் பேசி முடித்த பிறகு பாடச் சொல்லுங்கள். எத்தனை பாட்டு என்பதையும் விரல் விட்டுக் காட்டிவிடுங்கள்.

படி 6: கட்டுவதும் உடைப்பதும்

ஜனவரியில் மாலை ஆறரை மணி வாக்கில் சூரியன் மறையும். நாலரைக்குத் தொடங்கினால் கேக் வெட்டும்போது வெளிச்சம் சரியாக இருக்கும்.

முதலில் பழைய படுக்கை விரிப்பை மணலில் விரியுங்கள். இல்லாவிட்டால் மிட்டாய்களைச் சலித்துத்தான் எடுக்க வேண்டும். கயிற்றை உயரமான கிளையிலோ குடைத் தூணிலோ போட்டு, ஒரு முனையில் பின்யாத்தாவைக் கட்டுங்கள். மறு முனை ஒரு பெரியவர் கையில் இருக்கட்டும். காய்த்த தென்னை மரத்தில் கட்டாதீர்கள். கயிறு பிடிப்பவர்தான் ஆட்டத்தின் உயிர். அடிக்க ஓங்கும்போது மேலே இழுக்க வேண்டும், சோர்ந்தால் கீழே விட வேண்டும். நம் ஊர் உறியடியில் கயிறு இழுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவது மட்டும் இங்கே இல்லை. என் கணவருக்கு இதில் இத்தனை திறமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சிறியவர்கள் முதலில், பெரியவர்கள் கடைசியில். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் கண் கட்ட வேண்டாம். மற்றவர்களைக் கண் கட்டி, வயதுக்கு ஒரு சுற்றாகச் சுற்றி விடுங்கள். பார்ப்பவர்கள் தடியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். "டாலே! டாலே!" என்று கத்துவார்கள், போடு அடி என்று பொருள். ஒற்றைக் குழந்தையோடு போயிருந்தால் பக்கத்துக் குடும்பங்களின் குழந்தைகளைக் கூப்பிடுங்கள். மறுக்கும் குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி மிகவும் கவனிக்க வேண்டிய நொடி. பின்யாத்தா பிளந்ததும் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்வார்கள். கண் கட்டியவருக்கு உடைந்தது தெரியாது, தடி இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே ஒருவர் அடிப்பவரின் பின்னாலேயே நின்று, பிளக்கும் சத்தம் கேட்டவுடன் தடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், படம் எடுக்கும் வேலை உட்பட.

இரண்டாம் வருடம் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமிதான் உடைத்தாள், தன் அண்ணனுடன் கரையோரம் பந்து விளையாடிக்கொண்டிருந்தவள். முதலில் ஒரு கூம்பு மட்டும் கழன்று விழுந்தது. பிறகு அடிப்பக்கம் கிழிந்து, மிட்டாய் மொத்தமாகக் கொட்டியது. என் மகள் விரிப்பின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள், தனக்குக் கீழே இருப்பதெல்லாம் தன்னுடையது என்று.

படி 7: கேக்கும் சாப்பாடும்

மெழுகுவர்த்தி ஊதியதும் "மொர்திதா! மொர்திதா!" என்று குரல் எழும். கேக்கை வெட்டாமல் நேராக ஒரு கடி கடிக்க வேண்டும். குனிந்த தலையைப் பின்னாலிருந்து யாராவது கேக்குக்குள் அழுத்துவார்கள். கேக்கில் குச்சி எதுவும் குத்தியிருக்கக் கூடாது, மெழுகுவர்த்திகளையும் எடுத்துவிட வேண்டும். குழந்தைக்குப் பிடிக்காது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மீன் சாப்பிடுபவர்கள் கடற்கரையில் குச்சியில் செருகிச் சுட்டு விற்கும் மீனை விடாதீர்கள். அதன் பெயர் 'பெஸ்காதோ எம்பராசாதோ', கர்ப்பமான மீன்! குச்சியில் சுட்டது என்று பொருள்படும் 'என் வாரா அசாதோ' என்பதை வேகமாகச் சொன்னால் அப்படி ஒலிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். சைவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, சிவப்புச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதுண்டு. "சின் மந்தேக்கா, சின் பொய்யோ" என்று கேளுங்கள்: கொழுப்பு வேண்டாம், கோழி வேண்டாம். தோர்த்தியா என்ற சோள ரொட்டி, வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்த குவாக்கமோலே, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், சுட்ட சோளம் என்று அம்மா நிறைவாகவே சாப்பிட்டார். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல் துலக்கவும் புட்டித் தண்ணீரே நல்லது.

படி 8: பொறுக்குங்கள்

மினுங்கும் தாள்கள் காற்றில் கடலுக்குப் போய்விடும் முன் விரிப்பை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டிவிடுங்கள். உதிர்ந்த கூம்புகளை எறிய வேண்டாம். குழந்தைகள் அவற்றைத் தலைகீழாகப் பிடித்து மிட்டாய்ப் பையாக வைத்துக்கொள்வார்கள், சிலர் தொப்பியாக மாட்டிக்கொள்வார்கள்.

எங்கள் நட்சத்திரத்தின் ஒரு கூம்பு, வாய் வரை புளி மிட்டாயோடு, அம்மாவின் கைப்பையில் ஏறிவிட்டது. விமானத்தில் அது எங்களுக்குத் தெரியாது. அமெரிக்கச் சுங்கத்தில் உணவுப் பொருள் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். மிட்டாய் என்றாலும் உண்டு என்றே சொல்லிவிடுங்கள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா கூம்பை வெளியே எடுத்து, அதிகாரியிடம் நீட்டி, ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்.