வினையூக்கி சீக்கிரம் படுத்துவிடுகிறதா? வெப்பத்தை ஏற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

3 வருடம் ஓட வேண்டிய நிக்கல் வினையூக்கி எங்கள் பிளாண்டில் 14 மாதத்திலேயே படுத்துவிட்டது. பென்சீனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து சைக்ளோஹெக்சேன் ஆக்கும் ரியாக்டர் அது. அலுமினா உருண்டைகள் மேல் ஏற்றிய நிக்கல், மேலிருந்து கீழாக ஓட்டம், நடுவே குளிர்விப்பு எதுவும் கிடையாது. "கேட்டலிஸ்ட் சரக்கே சரியில்லை" என்று பழியைத் தூக்கி விற்றவர் தலையில் போட்டோம். அடுத்து ஏற்றியதும் அதே சரக்குதான். அது இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் நாங்கள் என்னென்ன மாற்றினோம் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வினையூக்கி என்றால் என்ன, ஹைட்ரஜனை எப்படிக் கையாள வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணங்கள் நிக்கலைச் சுற்றியே இருக்கும். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் முறை, வினையூக்கி உருண்டைகளை நிரப்பிய படுகை வகை ரியாக்டர் எதுவானாலும் ஏறக்குறைய இதுதான்.

படி 1: கன்வெர்ஷனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

கன்வெர்ஷன் என்பது உள்ளே போன பென்சீனில் எத்தனை சதவீதம் மாறியது என்ற அளவு. தினமும் லேப் அறிக்கையில் 99 சதவீதம், 99 சதவீதம் என்று வரும். ஒருநாள் 98 ஆகும். ஒன்றுதானே குறைந்தது என்று விட்டுவிடுவோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் மீதமிருக்கும் பொருளின் அளவைப் பொறுத்தது என்று எடுத்துக்கொண்டால், வினையூக்கியின் வலு, மாறாமல் மிஞ்சிய பங்கின் தலைகீழ் எண்ணின் இயல் மடக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 99 சதவீதம் மாறினால் மிஞ்சுவது நூறில் ஒன்று. 100இன் இயல் மடக்கை 4.6. 98 சதவீதம் என்றால் ஐம்பதில் ஒன்று, மடக்கை 3.9. ஆக, அறிக்கையில் 1 சதவீதம் குறைந்த அன்றே வினையூக்கி 15 சதவீத வலுவை இழந்துவிட்டது. 90 சதவீதத்துக்கு வரும்போது சரிபாதி போயிருக்கும்.

புது வினையூக்கியில் நிலைமை இன்னும் மோசம். தேவைக்கு மேல் ஏற்றியிருப்பதால், மேல் பாதி செத்தாலும் கீழ் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். லேப் தாளில் ஒன்றும் தெரியாது. தெரிகிற அன்று கைமீறிப் போயிருக்கும்.

படி 2: படுகையின் வெப்பநிலை வரைபடம்

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படுகையின் உயரம் நெடுக 8 அல்லது 10 இடத்தில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் இருக்கும். பெரும்பாலான ஷிப்டுகளில் அதிகபட்ச வெப்பநிலை எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணைத்தான் குறித்து வைப்பார்கள். அது போதாது. எல்லாப் புள்ளிகளையும் எடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நுழைவு வெப்பநிலையைக் கழித்து, அதை மொத்த ஏற்றத்தால் வகுத்தால், மேலே 0, கீழே 1 என்று ஒரு வளைகோடு கிடைக்கும். அந்தக் கோடு 0.9ஐத் தொடும் ஆழம் எது என்று பாருங்கள். அந்த ஓர் ஆழத்தைத்தான் வாரம் ஒருமுறை குறிக்க வேண்டும்.

இன்னொன்று: கிடை அச்சில் தேதியைப் போடாதீர்கள். அதுவரை ஓட்டிய மொத்த ஃபீட் (ரியாக்டருக்குள் போகும் மூலப்பொருள்) எத்தனை டன் என்று போடுங்கள். பிளாண்ட் பாதி லோடில் ஓடிய மாதத்தையும் முழு லோடில் ஓடிய மாதத்தையும் தேதியை வைத்து ஒப்பிட்டு நான் வீணாக்கிய நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இனி அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். வளைவின் வடிவம் மாறாமல் அப்படியே கீழே நகர்ந்துகொண்டே போனால், மேலிருந்து நஞ்சு ஏறுகிறது என்று அர்த்தம். நிக்கலுக்கு அது பெரும்பாலும் கந்தகம். வளைவின் சரிவே எங்கும் தளர்ந்து, செங்குத்தாக இருந்தது சாய்ந்துவிட்டால் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிட்டன என்று சந்தேகப்படுங்கள். சூடுபட்டுக் கட்டிப்போவது என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். வளைவு அப்படியே இருக்க, அழுத்த வீழ்ச்சி (படுகையின் மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) மட்டும் ஏறினால், துருவோ தூளோ மேலே படிந்திருக்கிறது. வினையூக்கியின் உயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கரி படிவதுதான் குழப்பும். மேலேயும் தொடங்கும், கீழேயும் தொடங்கும், சில சமயம் அழுத்த வீழ்ச்சியையும் கூட்டும்.

எங்கள் கோடு வடிவம் மாறாமல் சீராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் வரைந்து பார்த்தது 12ஆம் மாதத்தில். அதற்குள் நுழைவு வெப்பநிலையை மூன்று தடவை ஏற்றிவிட்டிருந்தோம்.

ஏற்றினால் என்ன தப்பு? கன்வெர்ஷன் உடனே ஏறும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் இது வெப்பத்தை வெளிவிடும் வினை. சூடு ஏற ஏறச் சமநிலை பென்சீன் பக்கமே சாயும். கரி வேகமாகப் படியும். உலோகத் துகள்கள் நகரத் தொடங்கும். ஓர் உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து, அதில் சுமார் 0.3 பங்கு வந்தால் மேற்பரப்பு அணுக்கள் அசையும், 0.5 பங்கு வந்தால் உள்ளிருப்பவையும் அசையும் என்று ஒரு தோராய விதி உண்டு. நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். கணக்குப் போட்டால் முதல் எல்லை 245 டிகிரி பக்கம் வருகிறது. தாமிரத்துக்கு அது 134 டிகிரிதான். தாமிர வினையூக்கிகளைச் சூட்டில் பொத்திப் பொத்திப் பார்ப்பது அதனால்தான். கந்தக நோய்க்கு வெப்பத்தை மருந்தாகக் கொடுத்தால், இருந்த நோய் போகாது, இரண்டாவது நோயும் சேரும்.

படி 3: கந்தகக் கணக்கு

மணிக்கு 10 டன் ஃபீட். அதில் எடையில் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கந்தகம். மணிக்கு 10 கிராம், சிரிப்பாக இருக்கும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓட்டினால் 80 கிலோ! நிக்கல் பரப்பில் ஒரு கந்தக அணு ஒன்றுக்கு மேற்பட்ட நிக்கல் அணுக்களை முடக்கும். இந்த வெப்பநிலையில் ஒருமுறை ஒட்டினால் திரும்ப விடாது. எனவே ஃபீடில் 0.1 பிபிஎம்முக்கும் 1 பிபிஎம்முக்கும் உள்ள வித்தியாசம் வினையூக்கியின் ஆயுளையே தீர்மானிக்கிறது. "1 பிபிஎம்முக்குக் கீழே" என்று லேப் எழுதிக்கொடுத்தால் அதை ஏற்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

படி 4: சாம்பிளே பொய் சொல்லும்

ஹைட்ரஜனில் கந்தகம் உண்டா என்று நாங்கள் பார்க்காமல் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிலிண்டரில் வாயுவைப் பிடித்து லேபுக்கு அனுப்பினோம். மறுநாள் பதில்: "இல்லை". மூன்று முறை அனுப்பினோம், மூன்று முறையும் "இல்லை". அப்படியானால் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

குற்றவாளி அந்தச் சிலிண்டர்தான். இவ்வளவு குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்பைடு ஸ்டீல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். லேப் கருவிக்குப் போய்ச் சேர்வது சுத்தமான வாயு. ஒருநாள் பைப்லைன் பக்கத்திலேயே நின்று, நிறம் மாறும் கண்ணாடிக் குழாயில் வாயுவை நேரடியாக இழுத்துப் பார்த்தோம். குழாயில் பழுப்பு ஏறிவிட்டது.

அதனால் சொல்கிறேன்: உட்புறம் சிலிக்கா பூச்சுள்ள சிலிண்டர் வாங்குங்கள், அல்லது அந்த இடத்திலேயே குழாயில் இழுத்துப் பாருங்கள். சாம்பிள் லைன் குட்டையாக இருக்கட்டும், பிடிக்கும் முன் நன்றாக ஊதி விடுங்கள். என் விருப்பம் கண்ணாடிக் குழாய்தான். துல்லியம் குறைவு என்று லேப்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அது பொய் சொல்வதில்லை. மிகக் குறைந்த அளவை அது காட்டாது என்பது உண்மை. அதற்கு இருக்கவே இருக்கிறது, பிரித்தெடுத்த பழைய வினையூக்கி. மேல் அடுக்கு, நடு, அடி என்று தனித்தனியாக எடுத்துக் கந்தகம் பாருங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இறக்கும்போது எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலந்துவிட்டால் அந்தச் சாட்சியும் போச்சு.

படி 5: காவல் படுகை

கந்தகம் ரியாக்டரை எட்டும் முன் பிடித்துக்கொள்ள, ஹைட்ரஜன் லைனில் துத்தநாக ஆக்சைடு படுகை வையுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு துத்தநாக சல்பைடாக மாறி அங்கேயே தங்கிவிடும். ஏட்டுக் கணக்குப்படி தன் எடையில் 39 சதவீதம் வரை கந்தகம் பிடிக்கலாம். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. 350 முதல் 400 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். குளிராக ஓட்டினால் உருண்டையின் தோல் மட்டும் வினைபுரிந்து உள்ளே அப்படியே வீணாகும்.

ஒரே பெரிய படுகையாக வைக்காதீர்கள். இரண்டு சிறியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் சாம்பிள் எடுக்க ஒரு வால்வு போடுங்கள். முதலாவது கசியத் தொடங்கியதும் அதை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவரலாம். கசிவு வந்த பிறகும் உங்களுக்கு அவகாசம் இருக்கும் என்பதுதான் இதில் உள்ள நிம்மதி.

பென்சீன் பக்கம் வேறு கதை. அதிலுள்ள கந்தகம் பெரும்பாலும் தயோஃபீன் வடிவில் வரும். பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும், தயோஃபீன் 84இல். காய்ச்சி வடித்துப் பிரிப்பது பெரும்பாடு. தயோஃபீனை விக்டர் மேயர் 1882இல் கண்டுபிடித்ததே பென்சீனில் கலந்திருந்த அழுக்காகத்தான்! துத்தநாக ஆக்சைடு இதைத் தொடாது. திரவத்தில் மொத்தக் கந்தகத்தைப் புற ஊதா ஒளிர்வு முறையில் அளந்து, நிக்கல் சார்ந்த உறிஞ்சி ஒன்றை முன்னால் வையுங்கள்.

படி 6: ஏற்றும்போதும் இறக்கும்போதும்

சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். துணிக்குழாய் வழியாக இறக்கும்போது 1 மீட்டருக்கு மேல் விழ விடாதீர்கள். அவ்வப்போது மட்டம் பாருங்கள். இதில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அழுத்த வீழ்ச்சியை அளக்க மட்டும் தனியாக ஒரு வேறுபாட்டுக் கருவி வையுங்கள். மேலே ஒரு மானி, கீழே ஒரு மானி வைத்துக் கழித்துப் பார்ப்பது வேண்டாம். இரண்டு பெரிய எண்களின் பிழையும் சேர்ந்து சின்ன எண்ணை விழுங்கிவிடும்.

கரியை எரிப்பது பற்றி

நைட்ரஜனில் கொஞ்சம் காற்றைக் கலந்து கரியை எரித்து எடுக்கலாம், ஆனால் அவசரம் ஆகாது. நைட்ரஜனில் 1 சதவீத ஆக்சிஜன் முழுவதும் கரியோடு எரிந்தால் வாயுவின் வெப்பம் ஏறக்குறைய 130 டிகிரி ஏறும். 0.5 சதவீதத்தில் தொடங்கி, படுகையின் சூடு அடங்கிய பிறகே அடுத்த படி. கந்தக நஞ்சுக்கு இது மருந்தே இல்லை. எரிக்கும்போது கந்தகம் சல்பேட்டாகி அலுமினாவில் ஒளிந்துகொள்ளும். மறுபடி ஹைட்ரஜனில் ஒடுக்கும்போது வெளியே வந்து நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதையும் ஒருமுறை செய்து பார்த்தோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது.

பின்சேர்க்கை 1: படி 1இல் உள்ள மடக்கைக் கணக்கு பென்சீனுக்குப் பொருந்தாது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். குறைந்த வெப்பத்தில் இந்த வினையின் வேகம் பென்சீன் அளவைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அந்த எண்களை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படி 2இன் வளைகோட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எந்தக் கணக்கையும் நம்பியிருக்கவில்லை.

பின்சேர்க்கை 2: "எங்கள் கோடு திடீரென்று கீழே போய், இரண்டு நாளில் தானாக மேலே வந்துவிட்டது, ஏன்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கந்தகம் என்றால் மேலே வராது. ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு தலைகாட்டியிருக்கும். அது பரப்பை அடைத்துக்கொண்டு, வரத்து நின்றதும் விலகிவிடும். ஹைட்ரஜன் தயாரிக்கும் பக்கத்தில், கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றி நீக்கும் மெத்தனேட்டரைப் பாருங்கள்.

இதை ஆயுள் பிரச்சினை என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒடுக்கிய நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சுமார் 200 டிகிரிக்குக் கீழே சந்தித்தால் நிக்கல் கார்பனைல் உருவாகலாம். 43 டிகிரியில் கொதிக்கும் கொடிய நஞ்சு அது. ஷட்டவுனில் படுகையைக் குளிர்விக்கும்போது, அந்த எல்லைக்கு வரும் முன்பே கார்பன் மோனாக்சைடு இல்லாத நைட்ரஜனால் முழுவதும் ஊதிவிடுங்கள். மேன்ஹோலைத் திறக்கும் ஆளுக்குச் சுவாசிக்கக் காற்றுக் கருவி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், ஷிப்ட் புத்தகத்தில் "பார்த்தாகிவிட்டது" என்று எழுதியிருந்தாலும்.