சைக்கிளுக்கு ஏன் அடிக்கடி காற்றுப் போகிறது? பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வதைத்தால் பெற்றோர் செய்யவேண்டியது

மகன் தரம் 7 படித்த வருடம் கிழமையில் ரெண்டு தரமாவது அவனுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போகும். "ஆணி குத்திப்போட்டுது அம்மா" என்பான். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் ரெண்டேகாலுக்கு வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிற்பான். வீட்டில் காற்றடித்தால் அது அப்படியே நிற்கும், ஆணி குத்தின ரயரில் எப்படிக் காற்று நிற்கும் என்று எனக்கு யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. மூன்றாம் கிழமை நானே சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஓட்டை ஒண்டும் இல்லை. ஆரோ வேணுமெண்டே காத்தைத் திறந்து விடுகினம்" என்றார்.

அடுத்த நாள் காலை நான் செய்தது முழுக்கப் பிழை. நேரே வகுப்பறை வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பதறிப்போன வகுப்பாசிரியர் காற்றைத் திறந்துவிட்ட பெடியனையும் என் மகனையும் எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, "கை குடுங்கோ, இனிச் சிநேகிதர்" என்றார். குடுத்தார்கள். அதன் பிறகு சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் ரியூசன் வாசலுக்கு இடம் மாறிவிட்டது, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவன்" என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அதனால் இதை நான் கெட்டிக்காரியாக எழுதவில்லை, பிழைவிட்டுப் படித்தவளாகத்தான் எழுதுகிறேன்.

முதலில், பகிடியா வதையா என்று பிரித்துப் பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் எல்லாமே பகிடிதான், பட்டம் தெளிக்காத வகுப்பு எங்கே இருக்கிறது? நோர்வேயில் 1982இல் மூன்று பையன்கள் சக மாணவரின் கொடுமை தாங்காமல் உயிரை விட்ட பிறகு, அடுத்த வருடமே அந்த நாடு பள்ளிக்கூடங்கள் முழுக்க இதற்கு எதிராக ஒரு பெரிய வேலை தொடங்கியது. அதில் முன்னுக்கு நின்ற உளவியலாளர் டான் ஒல்வேயஸ் சொன்ன மூன்று அடையாளங்கள் இன்றைக்கும் போதும்: வேணுமென்றே நோகடிப்பது, அது திரும்பத் திரும்ப நடப்பது, நோகிறவரால் எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு மற்றப் பக்கம் பலமாக இருப்பது. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. கூட்டமாக நிற்பதும் பலம், மாணவத் தலைவர் சின்னம் குத்தியிருப்பதும் பலம், அப்பா பழைய மாணவர் சங்கத்தில் இருப்பதும் பலம். புலமைப்பரிசில் பாஸ் பண்ணித் தரம் 6இல் தீவகத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைக்கு இது மூன்றுமே இல்லை. அது கதைக்கிற விதத்தை, நிறத்தை, ஊரை, சாதியை, அப்பா இல்லாததைச் சொல்லி ஒவ்வொரு இடைவேளையும் சிரிப்பது பகிடி இல்லை. சம பலமான ரெண்டு பேர் கிறிக்கெற்றில் கொழுவிப்பிடித்தால் அது சண்டை, அதற்குச் சமாதானம் பேசலாம். வதைக்குச் சமாதானம் பேசக்கூடாது. பயந்துபோயிருக்கிற பிள்ளையைப் பயமுறுத்துகிறவனுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கை குடுக்கச் சொன்னால், தப்ப வழியில்லை என்றுதான் அதற்கு விளங்கும்.

பிள்ளை தானாகச் சொல்லாது. சொன்னால் கோள் சொல்லி என்பார்கள் என்ற பயம். ஆகவே சாமான்களைப் பாருங்கள்: கிழமைக்கொரு கொம்பாஸ் பெட்டி துலைவது, கொப்பியில் பேர் எழுதின மட்டை கிழிந்திருப்பது, கன்ரீன் காசு கொண்டுபோயும் பசியோடு வருவது, ஞாயிறு பின்னேரம் மட்டும் வயிற்றுக்குத்து வருவது, பள்ளிக்கூடத்தில் மலசலகூடத்துக்கே போகாமல் வீட்டுக்கு ஓடிவருவது. கடைசியில் சொன்னதைக் கட்டாயம் கவனியுங்கள், பெரியவர்களின் கண் படாத இடம் அது.

சொல்லத் தொடங்கினால் ஒரு பத்து நிமிடம் உங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "நீ என்ன செய்தனி?" என்று கேட்காதீர்கள். "திருப்பி அடி" என்றும் சொல்லாதீர்கள், அடிக்க முடிந்தால் அவன் ஏன் உங்களிடம் வருகிறான்? "நீ சொன்னது நல்லது, பிழை உன்னில இல்லை, உனக்குத் தெரியாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்ற மூன்றும் போதும். மூன்றாவதைக் காப்பாற்றுங்கள். நான் காப்பாற்றவில்லை, பிறகு ஒரு வருடம் அவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காயம், காசு பறித்தல், உடம்பில் கை வைத்தல் என்றால் ரகசியம் காக்க முடியாது, அதையும் அப்போதே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, இடம், யார், என்ன சொன்னார்கள், பக்கத்தில் நின்றது யார். "எப்பவும் கரைச்சல் குடுக்கினம்" என்று எழுதினால் ஒருவரும் அசையமாட்டார்கள். "செவ்வாய், இடைவேளை, சைக்கிள் விடுகிற இடம், மூன்று பேர்" என்றிருந்தால் அங்கே ஒரு ஆசிரியரைக் காவலுக்கு விடலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இல்லாத நேரம், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் பகுதித் தலைவர், ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரும். "தண்டியுங்கோ" என்று கேட்காதீர்கள், என்ன மாறவேண்டும் என்று கேளுங்கள்: இடைவேளையில் அந்த இடத்தில் யார் நிற்பார்கள், இருக்கையை மாற்றலாமா (மாறவேண்டியது வதைக்கிறவருடைய இருக்கை, உங்கள் பிள்ளையுடையது அல்ல), ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பீர்களா, நான் மறுபடி எந்தத் திகதி வரட்டும். "நல்லா ரெண்டு போட்டு விடுறன்" என்று ஒரு சேர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உடல் தண்டனை கூடாது என்று 2016இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது, அது போக, அடி வாங்கினவன் அந்த அடியை உங்கள் பிள்ளையிடம்தான் இறக்குவான்.

ரெண்டு கிழமையில் ஒன்றும் மாறவில்லையா? அதிபருக்குக் கடிதம், ரெண்டு பிரதி, ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபால். "பள்ளிக்கூடத்தின்ர பேர் கெட்டுப்போகும்" என்பார்கள், "வேணுமெண்டால் விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போங்கோ" என்றும் சொல்லக்கூடும், அந்த வெருட்டுக்கு வாயால் பதில் சொல்லாமல் அதையும் திகதியோடு எழுதுங்கள். அடுத்தது வலயக் கல்விப் பணிமனை. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயம், வீடு இருக்கிற இடம் கணக்கில்லை, பள்ளிக்கூடம் எந்த வலயம் என்று பாருங்கள். தேசிய பாடசாலை என்றால் அது மத்திய கல்வி அமைச்சின் கீழ், அங்கேயும் ஒரு பிரதி போகட்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம், பிள்ளையே எடுத்துக் கதைக்கலாம். காயம், காசு, பாலியல் சேட்டை என்றால் இந்த வரிசை ஒன்றும் வேண்டாம்: முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பணியகம். பிள்ளை "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிக் கதைத்தால் ஒரு நாளும் பிந்தாதீர்கள், தனியாக விடாதீர்கள், 1926 என்ற தேசிய மனநல இலக்கம் 24 மணிநேரமும் இருக்கிறது, யாழ் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு.

போனில் நடந்தால்: அழிக்க முன்னம் பேரும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பதில் எழுதவேண்டாம், பிறகு றிப்போர்ட் பண்ணி புளொக் பண்ணுங்கள். பிள்ளையின் போனைப் பறிக்காதீர்கள், அடுத்த முறை சொல்லாது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. வதைக்கிறவன் பெரும்பாலும் தனிய இருக்கும்போது வதைப்பதில்லை, சுற்றி நின்று சிரிக்கிற நாலு பேருக்காகத்தான் செய்கிறான். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கின கிவா என்ற பாடத்திட்டம் இந்தப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை மாற்றுவதையே மையமாக வைத்தது. அவ்வளவு பெரிதாக வேண்டாம், தரம் 6 தொடங்குகிற முதல் கிழமையில் புதுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இடைவேளைக்குச் சேர்ந்து சாப்பிட ரெண்டு பேரை ஒழுங்குபண்ணிவிட்டாலே பாதி வேலை முடியும். எங்களைக் காப்பாற்றினதும் அப்படி ஒரு பெடியன்தான். ரியூசன் முடிய என் மகனோடு சேர்ந்து சைக்கிள் ஓடத் தொடங்கினான், அவனுக்கு வீடு எதிர்ப்பக்கம்.

வதைக்கிறது உங்கள் பிள்ளை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கோல் வந்தால்? "என்ர பிள்ளை அப்படிச் செய்யாது" என்று தொடங்காதீர்கள், செய்யும். அடிக்கவும் வேண்டாம். என்ன நடந்தது என்று அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள், யாரிடம் பழகினான் என்றும் பாருங்கள், சிலவேளை அது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழகினதாகவும் இருக்கும். உடைத்த கொம்பாஸ் பெட்டிக்குப் புதிதாக ஒன்று அவனுடைய உண்டியல் காசிலேயே வாங்கி, வகுப்பாசிரியரின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், மற்றப் பிள்ளையின் கையில் அல்ல.